பேச்சு நின்றாலும் கைவிடாத கருவி: லேப்டாப், போன் எதை வாங்குவது?

கேள்வி: 18 அக்டோபர் 2025

எனக்குப் பார்வை அறவே கிடையாது. கையில் இருப்பது விண்டோஸ் 10 லேப்டாப். அதற்கான ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இந்த லேப்டாப் 11க்கு ஏறாது என்று சொல்லிவிட்டது. போனும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. எந்த பிராசசர், எத்தனை ஜிபி, மேக் போகலாமா, ஆண்ட்ராய்டா ஐபோனா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாலைந்து வருஷம் நம்பி வைத்துக்கொள்ளக்கூடியது எது?

18 அக்டோபர், இரவு

பிராசசரை அப்புறம் பார்ப்போம். நாம் முதலில் பார்க்க வேண்டியது வேறு. திரையில் இருப்பதை நமக்கு வாசித்துச் சொல்கிற மென்பொருள்தான் திரைவாசிப்பான். அதன் பேச்சு நின்றுபோனால், அடுத்தவர் கண் இல்லாமல் நானே அதைத் திரும்பப் பேசவைக்க முடியுமா? பார்வையுள்ளவர்களுக்கு நம்பகம் என்றால் அடிக்கடி பழுதாகாதது. நமக்கு அது மட்டும் போதாது. பழுதாகும் அந்த அரை மணி நேரத்திலும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்த அன்று, பெரிய அப்டேட் முடிந்து மறுபடி எழும்போது, ஒலி இயக்கி (டிரைவர்) கெட்டுப்போகும்போது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவும்போது. ஒரு கருவியின் குணம் இந்த நேரங்களில்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் எல்லாக் கருவியும் நல்ல கருவிதான்.

விண்டோஸ் 11இல் ஆரம்ப அமைப்புத் திரை வந்ததும் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸோடு வரும் திரைவாசிப்பான் நரேட்டர் பேசத் தொடங்கும். மேக்கில் கமாண்ட் எஃப்5, அல்லது கமாண்டைப் பிடித்துக்கொண்டு டச் ஐடி பொத்தானை மூன்று முறை. ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் மூன்று விநாடி சேர்த்துப் பிடிக்க வேண்டும். வாங்குகிற இடத்திலேயே இதைச் செய்து பாருங்கள். அங்கே பேசாதது வீட்டுக்கு வந்தாலும் பேசாது.

விண்டோஸ் எழுவதற்கும் முன்னால் வருகிற, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரை இருக்கிறதே, அது பெரும்பாலான கணினிகளில் இன்றும் ஊமைதான். இத்தனை வருஷம் கழித்தும் இதை ஏன் சரிசெய்யவில்லை என்று எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

19 அக்டோபர்

விசைப்பலகை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பார்வையுள்ளவர் திரைக்குக் காசு கொடுக்கிறார். நமக்குத் திரை என்றால் விசைப்பலகைதான்.

லேப்டாப்பைத் திறந்ததும் இரண்டு ஆள்காட்டி விரலையும் எஃப், ஜே மேடுகளில் வையுங்கள். மேடு தெளிவாகத் தடவுப்படுகிறதா? சிலவற்றில் புதிதாக இருக்கும்போதே மழுங்கல். அப்புறம் மேல் வரிசைக்குப் போங்கள். எஃப்4க்கும் எஃப்5க்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, அல்லது பன்னிரண்டு விசையும் ஒரே கோடாக ஓடுகிறதா? இடைவெளி இல்லாவிட்டால் ஆல்ட் எஃப்4 அடிக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டிவரும். வலது கோடியில் டெலிட் பக்கத்திலேயே பவர் பொத்தானை வைக்கிற வழக்கம் ஒன்று பரவிவிட்டது. அதே உயரம், அதே அளவு, அதே தொடுகை. கோப்பை அழிக்கப் போய் கணினியைத் தூங்கவைப்பது நமக்குத்தான் நடக்கும். அப்படி இருந்தால் விண்டோஸ் அமைப்பில் பவர் பொத்தான் எதுவும் செய்ய வேண்டாம் என்று மாற்றிவிடலாம். ஆனாலும் தொடுகையிலேயே வேறுபடுகிற லேப்டாப் கிடைத்தால் அதுதான் மேல்.

அம்பு விசைகள்: மேல், கீழ் மட்டும் பாதி உயரத்திலும் இடம், வலம் முழு உயரத்திலும் இருந்தால் விரல் தடுமாறும். நாள் முழுக்க அம்பிலேயே வாழ்கிறவர்கள் நாம். இடம், வலத்துக்கு மேலே காலி இடம் விட்ட அமைப்பைத் தேடுங்கள்.

இன்சர்ட் விசை தனியாக இருக்கிறதா? என்விடிஏ, ஜாஸ் என்ற திரைவாசிப்பான்கள் இரண்டுக்கும் அதுதான் உயிர்விசை. இல்லாவிட்டால் கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், பழகிவிடும். வலது சொடுக்குப் பட்டியல் விசை பல புதிய லேப்டாப்களில் காணோம். 2024இலிருந்து அந்த இடத்தையோ வலது கண்ட்ரோலையோ மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை பிடித்துக்கொள்கிறது. ஷிஃப்ட் எஃப்10 அதே வேலையைச் செய்யும், ஆனால் எஃப் விசைகள் ஒலி, வெளிச்சத்துக்கு மாறியிருந்தால் எஃப்என்னையும் சேர்த்து மூன்று விசை ஆகிவிடும். எஃப்என் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

19 அக்டோபர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்விடிஏவின் கையடக்கப் பதிப்பை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். என்விடிஏவின் கருவிகள் பட்டியலிலேயே அதை உருவாக்கும் வசதி உண்டு, நிறுவத் தேவையில்லை. வாங்க நினைக்கிற லேப்டாப்பில் செருகி, ஓடவிட்டு, ஒரு பெரிய இணையப் பக்கத்தைத் திறந்து எச் விசையால் தலைப்பு தலைப்பாகத் தாவிப் பாருங்கள். விசை அழுத்தினதும் பேச்சு வருகிறதா, யோசித்துவிட்டு வருகிறதா? எந்த விளம்பரத்தாளிலும் இந்த விவரம் இருக்காது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நிர்வாகி அனுமதி கேட்கிற பாதுகாப்புத் திரையைக் கையடக்கப் பதிப்பு வாசிக்காது. அதை வைத்து லேப்டாப்பைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

20 அக்டோபர்

சரி, ஜிபி கணக்கு. விண்டோஸ் 11 தன் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்கிறது. அதை நம்பி வாங்கவே வாங்காதீர்கள். 16 ஜிபி, எஸ்எஸ்டி, நடுத்தரமான பிராசசர் போதும். திரைத் துல்லியம், தொடுதிரை, தனி கிராஃபிக்ஸ் அட்டை எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் இருந்தால் சூடு அதிகம், சூட்டுக்கு விசிறி, விசிறி இரைச்சலில் பேச்சு அமுங்கும்.

இன்னொன்று, ஒலி அட்டையின் தூக்கம். மின்சாரம் மிச்சப்படுத்த சில லேப்டாப்கள் ஒலி வராத சில நொடியிலேயே ஒலிப் பகுதியை உறங்கவைக்கின்றன. அடுத்து பேச்சு வரும்போது முதல் அசை போய்விடும். ஆங்கிலக் குரல் வைத்திருப்பவர்களுக்கு ‘நாட் செக்டு’ வெறும் ‘செக்டு’ என்று கேட்கும். படிவம் நிரப்பும்போது இது எத்தனை ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பேச்சு முடிந்த பின்னும் ஒலியைச் சிறிது நேரம் விழித்திருக்கச் செய்யும் அமைப்பு இப்போது என்விடிஏவிலேயே இருக்கிறது. வாங்கும்முன் சோதிக்க, பத்து விநாடி சும்மா இருந்துவிட்டு ஓர் அம்பு விசையை அழுத்திப் பாருங்கள்.

20 அக்டோபர், மாலை

8 ஜிபி லேப்டாப் ஒன்று சல்லிசாக வருகிறது, விடவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ள இடம் இருந்தால் வாங்கலாம். பலகையிலேயே பற்றவைத்ததாக இருந்தால் வேண்டாம். உலாவியும் திரைவாசிப்பானும் சேர்ந்தால் 8 ஜிபி இன்றைக்கே திணறுகிறது. திணறினால் நமக்கு முதலில் தெரிவது மௌனம்தான். உறைந்துபோனதா, வேலை செய்துகொண்டிருக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மௌனம் கொடுமை.

23 அக்டோபர்

மேக்தான் நம்பகம் என்று இருவர் அடித்துச் சொல்கிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். 2005இல் டைகர் பதிப்போடு ஆப்பிளின் சொந்தத் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவர் வந்தபோது, தனியாக எதுவும் வாங்காமல் பெட்டியைத் திறந்ததும் பேசுகிற கணினி என்பது பெரிய விஷயம். மின்கலம் நிற்கும். மீட்புப் பகுதியிலும் வாய்ஸ்ஓவர் பேசும். எழும்போது மணி ஒலிக்கும். 2016க்குப் பின் வந்த பல மாதிரிகளில் அந்த மணியை எடுத்துவிட்டு 2020இல் பிக் சர் பதிப்பில் திரும்பத் தந்தார்கள். அந்த ஒரு ஒலி, கணினி உயிரோடிருக்கிறது என்பதற்கு நமக்கிருக்கும் ஒரே சாட்சி.

ஆனால் மேக்கில் வாய்ஸ்ஓவருக்கு மாற்று கிடையாது. சஃபாரியில் பெரிய பக்கம் ஒன்றைத் திறந்து, ‘பிஸி’ என்று வாய்ஸ்ஓவர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டவர்களுக்குப் புரியும். அது சரியாகும் வரை உங்களிடம் வேறு வழி இல்லை, திருத்தமும் இயங்குதள அப்டேட்டோடுதான் வரும். விண்டோஸில் 2006இல் தொடங்கிய என்விடிஏ இலவசம். ஜாஸ் காசு கொடுத்து வாங்குவது, அலுவலக மென்பொருள்களில் இன்னும் கெட்டி. இரண்டும் படுத்தால் நரேட்டர் இருக்கிறது. ஒன்று செத்தால் இன்னொன்றை வைத்து எழுப்பலாம். நான் விண்டோஸில் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. அது மேக்கைவிடக் கெட்டியானது என்று சொல்லவில்லை. விழுந்தால் கைகொடுக்க இன்னொருவன் இருக்கிறான்.

மேக் வாங்குவதென்றால் பழையதாக வாங்குபவர்கள் டச் பார் இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் வந்த மேக்புக் ப்ரோவில் எஸ்கேப் உட்பட மேல்வரிசையே வழவழப்பான கண்ணாடிப் பட்டையாகிவிட்டது. வாய்ஸ்ஓவர் அதை வாசிக்கும், ஆனால் விரலுக்கு எல்லை தெரியாது. 2021இல் வந்த 14, 16 அங்குல மாதிரிகளில்தான் மேல்வரிசை முழு அளவு விசைகளாகத் திரும்பியது.

24 அக்டோபர்

லினக்ஸ் கேட்டவருக்கு: ஆர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, நல்ல மனிதர்கள் உழைக்கிறார்கள், கட்டளைத் திரையிலேயே வேலை செய்பவருக்கு பிரெயில் காட்சியை இயக்கும் பிஆர்எல்டிடிஒய்யோடு பிரெயிலும் அருமை. ஒரே கணினிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்லமாட்டேன். குரோம்புக்கில் கண்ட்ரோல், ஆல்ட், இசட் அழுத்தினால் அதன் திரைவாசிப்பான் குரோம்வாக்ஸ் பேசும். இணையத்தோடு முடிந்துவிடுகிற வேலைக்குச் சரி.

ஏஆர்எம் சில்லு வைத்த விண்டோஸ் லேப்டாப் எடை குறைவு, மின்கலம் நாள் முழுக்க வரும். உங்கள் பிரெயில் காட்சிக்கோ (புள்ளிகளை எழுப்பி விரலால் படிக்கவைக்கும் கருவி) ஸ்கேனருக்கோ ஏஆர்எம் இயக்கி உண்டா என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு சில்லுக்கு எழுதிய சாதாரண மென்பொருளை அது மாற்றி ஓட்டிவிடும், இயக்கிகளை ஓட்டாது.

27 அக்டோபர்

போன். இங்கே சண்டை வரும், தெரியும்.

ஐபோனில் வாய்ஸ்ஓவர் 2009இல் 3ஜிஎஸ்ஸோடு வந்தது. மொழுமொழுவென்ற ஒரு கண்ணாடியைத் தடவிப் போன் பேச முடியும் என்று அதுவரை எங்களில் பலர் நம்பவில்லை. இன்றும் எல்லா ஐபோனிலும் ஒரே சைகை, ஒரே பட்டியல். நண்பனின் போனை வாங்கி உடனே இயக்கலாம்.

ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான் டாக்பேக் 2021இல் வந்த 9.1 பதிப்பில்தான் பல விரல் சைகைகளைப் பெற்றது. அதன் பிறகு அது வேறு ஆள். பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகவே புதுப்பிக்கப்படும் என்பது நல்ல விஷயம். சிக்கல் டாக்பேக்கில் இல்லை, போன் தயாரிப்பாளர் ஆண்ட்ராய்டின் மேலே பூசுகிற சொந்த மென்பொருள் பூச்சில் இருக்கிறது. நான் வைத்திருந்த ஒரு போனில் மின்கலம் குறைந்ததும் மிச்சப்படுத்தும் வசதி பின்னணியில் ஓடுவதையெல்லாம் மூடும். அந்த மூடலில் டாக்பேக்கும் போய்விடும். பேருந்தில் நின்றபடி, கையில் வெறும் கண்ணாடித் துண்டு. பக்கத்தில் நின்ற பெண் திறந்து, தேடிப் பிடித்து, மறுபடி ஓடவிட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: ஆண்ட்ராய்டு என்றால் பூச்சு குறைந்ததாக, அப்டேட் நீண்ட காலம் வருவதாக வாங்குங்கள். பிக்சல் 8 முதல், கேலக்ஸி எஸ்24 முதல், ஏழு வருஷ அப்டேட் உறுதி இருக்கிறது. நாலைந்து வருஷம் கேட்டவருக்கு இது முக்கியம்.

ஓரம் வளைந்த திரை வேண்டாம், பிடிக்கும்போதே உள்ளங்கை தொட்டுவிடும். திரைக்குள் புதைத்த விரல்ரேகை உணரியும் தொல்லை: எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பது நல்லது.

27 அக்டோபர், இரவு

முகம் காட்டித் திறப்பது பார்வையற்றவருக்கு வேலை செய்யுமா என்று கேட்டவருக்கு: செய்யும். ஃபேஸ் ஐடி வழக்கமாகக் கண் திரையைப் பார்க்கிறதா என்று சோதிக்கும். முதல் அமைப்பின்போதே வாய்ஸ்ஓவரை இயக்கினால் அந்தச் சோதனை தானாகவே அணைந்திருக்கும். ஒரு விளைவு உண்டு, தூங்கும்போது உங்கள் முகத்துக்கு நேரே யார் பிடித்தாலும் திறந்துவிடலாம். அது பிடிக்காதவர் கடவுக்குறியையே வைத்துக்கொள்ளட்டும், திரையிலேயே பிரெயில் புள்ளிகளாகத் தொட்டு எழுதும் பிரெயில் திரை உள்ளீட்டால் அதை வேகமாகப் போடலாம். ஹோம் பொத்தானோடு வந்த கடைசி ஐபோன் 2022 எஸ்இ, 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குழிவான வட்டத்தின் அருமை வயதானவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ப்ரோ மாதிரி தேவையா? 12 ப்ரோவிலிருந்து ப்ரோக்களில் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் இருக்கிறது. எதிரே ஆள் எத்தனை தூரத்தில் நிற்கிறார், கதவு எங்கே, இழுப்பதா தள்ளுவதா என்று உருப்பெருக்கிச் செயலி சொல்லும். தனியாக நிறைய நடப்பவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரண மாதிரி போதும். எதிரே இருப்பதைப் பார்த்துச் சொல்ல உதவும் பீ மை ஐஸ், சீயிங் ஏஐ போன்ற செயலிகள் இரண்டு தளத்திலும் கிடைக்கின்றன, அதை வைத்துப் போனை முடிவு செய்ய வேண்டியதில்லை.

29 அக்டோபர்

தமிழ்க் குரல். இதைக் கேட்டவர் ஒருவர்தான், ஆனால் நம் எல்லோருக்கும் வேண்டியது.

இஸ்பீக் என்ற கணினிக் குரல் தகரக் குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டினால் மற்ற இனிய குரல்கள் குழையும்போது அது மட்டும் எழுத்தெழுத்தாக நிற்கும், விசை அழுத்தினதும் பதில் வரும். நாள் முழுக்க வேலைக்கு அது, கதை படிக்க இயல்பான குரல் என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் கூகுள் தமிழ்க் குரல் இருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 16இலிருந்து தமிழ் வந்தது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு குரல் உண்டு.

பழைய கோப்புகளைப் புதுக் கருவி வாசிக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை எத்தனை விலை கொடுத்த கருவியும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வாசிக்கும். அதை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்ற வேண்டும்.

30 அக்டோபர்

பிரெயில் திரை உள்ளீடு பற்றி 27ஆம் தேதி போகிறபோக்கில் சொன்னேன், அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். ஐபோனில் 2014 முதல் இருக்கிறது, டாக்பேக்கில் 2020இல் வந்தது. உங்கள் போனில் தமிழ் பிரெயில் அட்டவணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ழ எழுதிப் பாருங்கள். 1, 2, 3, 5, 6ஆம் புள்ளிகள்: ஐந்து விரலும் ஒரே நேரத்தில் பட வேண்டும். மலிவான சில திரைகள் அத்தனை விரலை உணராது, ஒரு புள்ளி விட்டுப்போய் வேறெழுத்து விழும். ஒரு ழ போதும், திரையின் தரம் தெரிந்துவிடும்.

2 நவம்பர்

திரை உடைந்த போன், தொடுதல் மட்டும் நன்றாக இருக்கிறது, பாதி விலை, நமக்குத் திரை எதற்கு என்று ஒரு தம்பி கேட்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் தம்பி. டாக்பேக் நின்ற அன்று பக்கத்தில் இருப்பவரிடம்தான் நீட்ட வேண்டிவரும், அவருக்கு எதுவும் தெரியாவிட்டால்? எழுத்துகளைப் படமாகக் காட்டி உள்ளிடச் சொல்லும் இடங்களும் இன்னும் ஒழியவில்லை. விரிசல் பரவினால் தொடுதலும் போகும். அந்தரங்கம் வேண்டும்போது திரைச்சீலை வசதியால் திரையை மறைத்துக்கொள்ளலாம், வாய்ஸ்ஓவர், டாக்பேக், என்விடிஏ மூன்றிலும் உண்டு.

3 நவம்பர்

ஒன்றுதான் வாங்க முடியும், போனா லேப்டாப்பா என்ற கேள்விக்குப் போன் என்று சொல்ல வந்தேன். பணம், வழி, வாசிப்பு, அழைப்பு எல்லாம் அதில்தான். எழுதியபின் மனம் ஒப்பவில்லை. படிக்கிறவராக, வேலை தேடுகிறவராக இருந்தால் லேப்டாப். போனில் வாசிக்கலாம், நீண்ட ஆவணத்தைத் திருத்தவோ அட்டவணையில் வேலை செய்யவோ முடியாது, முடிகிறது என்பவர்கள் எத்தனை பாடுபடுகிறார்கள் என்பதை நான் கேட்டிருக்கிறேன். வாங்கும் போன் எதுவாக இருந்தாலும் சரி, யூஎஸ்பி சி முனை இருக்கட்டும், பழைய மைக்ரோ யூஎஸ்பி முனையைத் தடவித் திருப்பிச் செருகும் காலம் போகட்டும். கம்பி வைத்த இயர்போனும் ஒன்று வைத்திருங்கள், புளூடூத்தில் பேச்சு தாமதமாக வரும், வேகமாகத் தட்டச்சு செய்யும்போது எழுத்துக்கும் குரலுக்கும் ஒட்டாது.

5 நவம்பர்

அப்டேட் பற்றி. பெரிய பதிப்பு வந்த அன்றே ஏற்றாதீர்கள். ஐஓஎஸ்ஸில் முதல் பதிப்பில் வாய்ஸ்ஓவர் பிழைகள் வருவது வழக்கம், சில காலம் கழிந்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் விடமாட்டார்கள். .1 வரட்டும். விண்டோஸில் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். என்விடிஏ ஆண்டின் முதல் பதிப்பில் கூடுதல் நிரல்கள் பல வேலை செய்யாமல் போகும், உங்களுக்கு உயிரான நிரல் தயாரானதும் ஏற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

9 நவம்பர்

கேள்வி கேட்டவர் லேப்டாப் வாங்கிவிட்டாராம், 16 ஜிபி, இன்சர்ட் தனி விசை. நல்ல தேர்வு. முதலில் என்ன செய்ய வேண்டும் என்கிறார்.

என்விடிஏவை நிறுவுங்கள், கண்ட்ரோல் ஆல்ட் என் அழுத்தினால் அது மறுபடி எழுகிறதா என்று பாருங்கள். அது மௌனமானால் நரேட்டரை வைத்து எழுப்பிப் பழகுங்கள், பதற்றமில்லாத ஒரு நாளில். கையடக்கப் பதிப்பு உள்ள பென் டிரைவைப் பையில் வையுங்கள். அதோடு சின்ன யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்று. அப்டேட் ஒன்றில் என் லேப்டாப்பின் ஒலி இயக்கி காணாமல்போன அன்று, அடுத்த நாள் கொடுக்க வேண்டிய வேலை பாதியில் நின்றது. அதைச் செருகினேன், விண்டோஸ் தன்னிடமே இருந்த பொது இயக்கியால் அதை அடையாளம் கண்டுகொண்டது, பேச்சு வந்தது, மீதியை நானே சரிசெய்தேன்.

வட்டில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள், பல புதிய லேப்டாப்களில் தானாகவே இயங்கும். அதன் மீட்புச் சாவி 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எடுத்துப் போனிலும், நீங்கள் நம்புகிற ஒருவரிடமும் வையுங்கள். அதே லேப்டாப்பில் வேண்டாம்.